காலப்பேழைக்குள் பிலிம் சுருள்: திறக்கும் முறை

பின்னாளில் திறப்பதற்கென்று பொருள்களை வைத்து மூடிப் புதைத்த பெட்டிதான் காலப்பேழை. அதைத் திறக்கும் நாளும் அதற்குள் இருந்த படத்தைப் பார்க்கும் நாளும் ஒன்றாக இருக்க முடியாது. நடுவில் சில வாரங்களாவது ஆகும். சுருளின் நிலை மோசமென்றால் மாதக்கணக்கில் இழுக்கும். விழாக் குழுவினரிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். மேடையில் மூடியைக் கழற்றி, சுருளை எடுத்து, பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டுவதாக நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டால் பிறகு யாராலும் தடுக்க முடியாது. அத்தனை ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கிய பிலிம் அந்தப் பத்து நிமிடத்தில் கிழிந்து போகும்.

விழா வேண்டுமென்றால் உண்மையான திறப்பை ஒரு வாரம் முன்பே, கூட்டமில்லாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மேடையில் கடிதங்களும் நாணயங்களும் வெளியே வரட்டும். பிலிம் டப்பாவைப் புகைப்படமாகக் காட்டினால் போதும்.

இறுக மூடிய பேழை பிலிமைக் காக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. இருட்டும் குளிர்ச்சியும் நல்லவை. ஆனால் பழைய பிலிமின் அடித்தளம், அதாவது பிம்பப் பூச்சைத் தாங்கும் பட்டை, சிதையும்போது அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று, மேலும் சிதைவைத் தூண்டுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கதைதான். கனடாவின் டாசன் நகரில் 1929இல் புதைக்கப்பட்ட 533 சுருள்கள் 1978இல் கட்டட வேலையின்போது கிடைத்தன. காத்தது உறைநிலம், கெடுத்தது உருகிய நீர். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் 1994இல் ஒரு கடையின் நிலவறையில் உலோகப் பீப்பாய்களில் கிடைத்த 800க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் நூற்றாண்டுப் பழமையிலும் வியக்கத்தக்க நல்ல நிலையில் இருந்தன. உங்கள் பேழை இதில் எந்த வகை என்பது திறக்கும்வரை தெரியாது. அதனால் மோசமானதற்கே தயாராகுங்கள்.

மூடியைத் தொடும் முன்

பேழை மூடப்பட்ட ஆண்டையும், உள்ளே வைத்த பொருள்களின் பட்டியலையும் தேடிப் பிடியுங்கள். பழைய கூட்டக் குறிப்பு, செய்தித்தாள் நறுக்கு, கல்வெட்டு, எதுவானாலும் சரி. தேவைப்படும் விவரம் இரண்டுதான்: பிலிமின் அகலம், படமெடுத்த காலம். 35 மி.மீ. பிலிம் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையதாக இருந்தால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கோடாக் நைட்ரேட் தயாரிப்பை 1951 வாக்கில் நிறுத்தியது. சில நாடுகளில் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 1923இல் வந்த 16 மி.மீ., 1932இல் வந்த 8 மி.மீ., 1965இல் வந்த சூப்பர் 8 ஆகியவை வீட்டில் ஓட்டுவதற்கென்றே வந்தவை என்பதால் எளிதில் தீப்பற்றாத அசிடேட்டில் செய்யப்பட்டன. அரிதான 17.5 மி.மீ. அகலத்தை மட்டும் 35 மி.மீ. போலவே சந்தேகத்தோடு பாருங்கள். அதில் ஒரு பகுதி 35 மி.மீ. பிலிமை நெடுக இரண்டாக வெட்டிச் செய்தது.

நைட்ரேட் இருக்க வாய்ப்புண்டு என்று தெரிந்தால் தீயணைப்புத் துறைக்கும் அருகிலுள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும் முன்கூட்டியே தகவல் கொடுங்கள். நைட்ரேட் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரிந்துகொண்டே இருக்கும். மணலும் போர்வையும் அதை அணைக்காது. பற்றிக்கொண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: எல்லோரையும் வெளியேற்றிவிட்டு நீங்களும் வெளியேறுவது. அந்தப் புகையிலுள்ள நைட்ரஜன் டையாக்சைடு நுரையீரலின் ஈரத்தில் நைட்ரிக் அமிலமாகும். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், புகையைச் சுவாசித்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை: பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, பாதுகாப்புக் கண்ணாடி, அமில வாயுவுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி. சாதாரணத் தூசி முகமூடி பூஞ்சைத் துகளைத் தடுக்கும், அமில ஆவியைத் தடுக்காது. பருத்திக் கையுறை வேண்டாம். கிழிந்த துளையோரங்களில் நூல் மாட்டி, கிழிசலைப் பெரிதாக்கும். 8 அல்லது 10 மடங்கு பெருக்கும் லூப் (சிறு உருப்பெருக்கி), வெப்பம் தராத எல்இடி ஒளிப்பலகை, 1 மீட்டர் எஃகு அளவுகோல், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி, அமில அளவைக் காட்டும் ஏ-டி ஸ்ட்ரிப் தாள்கள், தடித்த பாலிஎத்திலீன் பைகள், காற்றுத் துளையுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாக்கள், மென்மையான பென்சில், கேமரா. கூடவே மூடியுள்ள ஒரு வாளியும் சில லிட்டர் காய்ச்சி வடித்த நீரும். அந்த வாளி எதற்கு என்பது பின்னால் வரும்.

பேழையைத் திறத்தல்

மண்ணிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த பேழையை வெதுவெதுப்பான ஈரக் காற்றில் திறந்தால் உள்ளேயுள்ள எல்லாவற்றின் மீதும் நீர்த்திவலை படியும். பிலிமின் எமல்ஷன், அதாவது பிம்பம் பதிந்துள்ள மேற்பூச்சு, ஜெலட்டினால் ஆனது. ஈரம் பட்டதும் ஊறி, அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பேழையைப் பெரிய பாலிஎத்திலீன் உறையில் சுற்றி மூடி, 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் உள்ள அறையில் குறைந்தது 24 மணி நேரம் வையுங்கள். தடித்த கான்கிரீட் அல்லது செம்புப் பேழையென்றால் இரண்டு மூன்று நாள் விடலாம். நீர் உறையின் வெளிப்பக்கம் படியட்டும், கவலையில்லை.

போல்ட்டும் நட்டும் உள்ள மூடியென்றால், எதிரெதிர் நட்டுகளை ஒரு சுற்று ஒரு சுற்றாகத் தளர்த்துங்கள். முழுதும் கழற்றும் முன்பே மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி முத்திரையை உடையுங்கள். உள்ளே வாயு அழுத்தம் சேர்ந்திருந்தால் மெல்ல வெளியேறும். அந்த நேரத்தில் முகத்தை நேராக மூடியின் மேல் நீட்ட வேண்டாம். ஈயத்தால் பற்றுவைத்து மூடிய பேழையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கேஸ் டார்ச் வைத்து ஈயத்தை உருக்க ஒருவர் கிளம்புவார். இன்னொருவர் கிரைண்டரைக் கொண்டுவருவார். இரண்டுக்கும் கண்டிப்பாக இடம் கொடுக்காதீர்கள். நைட்ரேட் இருக்கக்கூடிய பேழையில் ஒரு பொறி போதும். தகரம் வெட்டும் கத்திரி, கை ரம்பம் போதும். வெட்டை மூடியின் ஓரத்தோடு மட்டும் நிறுத்துங்கள். உலோகத்தூள் உள்ளே விழுந்தால் பிறகு சுருள் சுற்றும்போதெல்லாம் கீறும், அதனால் வெட்டும் இடத்துக்கு அருகில் வாக்யூமை ஓடவிடுங்கள். நைட்ரேட் என்று உறுதியாகத் தெரிந்த பற்றுவைத்த பேழையை நீங்களே வெட்டாமல் ஆவணக் காப்பகத்தாரிடம் விடுவதே சரி.

திறந்ததும் எதையும் எடுக்காதீர்கள். மேலிருந்து, நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள். ஒவ்வொரு அடுக்காக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். டப்பாவின் மீதுள்ள எழுத்து துருவோடு உதிரும் முன் படத்தில் பதியட்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: டப்பாவின் மேல் எழுதியிருப்பது உள்ளேயிருக்கும் படமாக இருக்க வேண்டியதில்லை. பழைய டப்பாக்களை மறுபடி மறுபடி பயன்படுத்துவது வழக்கம்.

முதலில் மூக்கு, பிறகு கண்

டப்பா மூடியைத் திறந்து, கையால் காற்றைத் தன் பக்கம் விசிறி முகருங்கள். டப்பாவுக்குள் மூக்கை விட வேண்டாம். புளித்த வினிகர் வாடை வந்தால் அசிடேட் சிதைகிறது. நெடியேறும் காரமான, அழுக்குச் சாக்ஸ் போன்ற நாற்றமும், டப்பாவின் உட்புறம் பழுப்புத் துருவும் இருந்தால் நைட்ரேட். வாடையே இல்லையென்றால் நல்ல நிலை என்று மகிழலாம், ஆனால் நைட்ரேட் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நல்ல நிலையிலுள்ள நைட்ரேட்டுக்கு வாடை கிடையாது.

அடுத்து பிலிம் ஓரத்தின் எழுத்து. லூப்பில் பார்த்தால் ஓரத்தில் நைட்ரேட் அல்லது சேஃப்டி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும்போது நெகட்டிவின் ஓர எழுத்தும் பிரதியில் விழும். பாசிட்டிவ் பிரதியில் தெளிந்த ஓரத்தில் கறுப்பாக உள்ள எழுத்து அந்த பிலிமுக்கே உரியது. கறுத்த ஓரத்தில் வெளுப்பாக உள்ளது மூல நெகட்டிவிலிருந்து வந்தது. ஒரே ஓரத்தில் இரண்டு சொல்லும் இருந்து குழம்பினால் நைட்ரேட் என்றே கொள்ளுங்கள். கோடாக் பிலிமில் ஓரத்திலுள்ள வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய குறிகள் தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஆனால் அவை 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. 1916இன் குறியே 1936லும் 1956லும் வரும். உடை, வண்டி, பேழையின் ஆண்டு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் எந்தச் சுற்று என்று புரியும்.

சுருளைப் பக்கவாட்டில் பிடித்து விளக்குக்கு எதிரே பாருங்கள். ஒளி ஊடுருவி மினுங்கினால் பாலியெஸ்டர்; 1950களின் நடுவில் வந்தது, அமிலச் சிதைவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இருண்டு தெரிந்தால் அசிடேட்டாகவோ நைட்ரேட்டாகவோ இருக்கும். ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

நைட்ரேட் எந்த நிலையில் இருக்கிறது

நைட்ரேட் சிதைவை ஐந்து நிலையாகப் பிரிப்பது வழக்கம். முதல் நிலையில் பிலிம் தேன் நிறத்துக்குத் திரும்பும், பிம்பம் மங்கும். இரண்டில் எமல்ஷன் பிசுபிசுத்து, சுற்றுகள் ஒட்டத் தொடங்கும். மூன்றில் குமிழிகளும் கடும் நாற்றமும் வரும். நான்கில் சுருள் முழுவதும் ஒரே கட்டியாகி, மேலே தேன்பாகு போன்ற நுரை படியும். ஐந்தில் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். முதல் இரண்டு நிலைகளில் உள்ளதை ஆய்வகம் பெரும்பாலும் பிரதியெடுத்துவிடும். மூன்றாம் நிலையில் சில பகுதிகளையாவது மீட்கலாம். ஒரே சுருளில் வெளிச் சுற்று ஐந்தாம் நிலையிலும் உட்சுற்று முதல் நிலையிலும் இருப்பதுண்டு. அதனால் மேலே பார்த்ததை வைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

தூளாகிப்போன பகுதியைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. முழுதும் வீணான சுருளைத் தண்ணீர் நிறைந்த வாளியில் மூழ்கவைத்து, அபாயக் கழிவு கையாளுபவர்களிடம் ஒப்படையுங்கள். சிதைந்த நைட்ரேட் 41 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தாலே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். வெயிலில் நிறுத்திய கார் அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். எனவே காரில் வைத்து மறந்துவிடாதீர்கள். சாதாரணத் தபாலிலும் அனுப்ப முடியாது. போக்குவரத்தில் இது யுஎன் 1324 எண்ணுள்ள, 4.1 வகுப்பு அபாயச் சரக்கு. அதற்குரிய உரிமமுள்ள சரக்கு நிறுவனம்தான் ஏற்றும்.

அசிடேட்டும் வினிகர் நோயும்

இங்கே நைட்ரேட் போன்ற தீ அபாயம் இல்லை. நேரம்தான் பகை. அடித்தளத்திலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிந்து பிலிம் சுருங்கும். சுருங்காத எமல்ஷன் மேலே வாய்க்கால் வாய்க்காலாக மடியும். ஓரம் அலை அலையாவது, வட்டச் சுருள் பலகோணமாவது, பரப்பில் வெண்பொடி பூப்பது எல்லாம் அடையாளங்கள். வெண்பொடியைப் பூஞ்சை என்று பலர் தவறாக நினைப்பார்கள். அது பிலிமிலிருந்து வெளியேறிய மென்மையூட்டிப் பொருளின் படிகம். பூஞ்சை நூலாகவும் கிளையாகவும் படரும். படிகம் சர்க்கரை போல மினுங்கும். காந்த ஒலிப்பட்டை உள்ள பிலிமில் நோய் வேகமாகப் பரவும், ஏனென்றால் இரும்பு ஆக்சைடு அதைத் தூண்டுகிறது. துருப்பிடித்த டப்பாவும் இதே வேலையைச் செய்யும்.

எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய டப்பாவுக்கு ஒரு ஏ-டி ஸ்ட்ரிப்பை உள்ளே வைத்து மூடி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விடுங்கள். நீலமாகவே இருந்தால் 0, நல்ல நிலை. பச்சைக்குத் திரும்பும் 1.5 அளவில் சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்தத் தொடங்கும்; அதுதான் திருப்புமுனை. 2இல் சிதைவு வேகமாக நடக்கிறது. மஞ்சள் நிறமான 3 என்றால் சுருக்கமும் முறுக்கமும் நெருங்கிவிட்டன. முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது இந்த 3 எண்காரர்களைத்தான். 0 காரர்கள் வரிசையில் நிற்கலாம். நோயுள்ள சுருளையும் நல்ல சுருளையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஆவி ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்.

நனைந்திருந்தால்

காலப்பேழைகளில் அதிகம் நேர்வது நெருப்பல்ல, கசிவு. இதற்கான விதி சுருக்கமானது: நனைந்தது நனைந்தே இருக்கட்டும், காய்ந்தது காய்ந்தே இருக்கட்டும். நனைந்த சுருளைக் காற்றில் உலர்த்தினால் ஊறிய எமல்ஷன் அடுத்த சுற்றின் முதுகோடு ஒட்டிப் பசைபோல் காய்ந்துவிடும். பிறகு பிரிக்கையில் பிம்பம் உரிந்து வரும். 18 டிகிரிக்கு மேற்படாத காய்ச்சி வடித்த நீரில் வாளியோடு மூழ்கவைத்து, மூடி, பனிக்கட்டிப் பை சூழ்ந்த பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். அவர்கள் நீரிலிருந்தே நேராக அலசி உலர்த்தும் இயந்திரத்தில் ஏற்றுவார்கள். ஒருமுறை நனைந்து ஏற்கெனவே காய்ந்துபோன சுருளை மறுபடி நனைக்கக் கூடாது. சிதைந்திருந்தாலும் இன்னும் மீட்கக்கூடிய நைட்ரேட்டையும் நீரில் போடக் கூடாது. அதன் எமல்ஷன் கரைந்து ஓடிவிடும்.

சுற்றிப் பார்த்தல்

இது எல்லாச் சுருளுக்கும் தேவையில்லை. கட்டியாகிப்போனது, கூர்மையாக மடங்கியது, ஒட்டிக்கொண்டது எல்லாவற்றையும் அப்படியே விடுங்கள். மற்றவற்றில் முதல் ஒன்றிரண்டு மீட்டரை மட்டும், மேசையில் படுக்க வைத்துக் கையால் சுழற்றி அவிழுங்கள். நுனியைப் பிடித்து இழுத்து இறுக்குவது பழைய பழக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே உள்ள தூசி அப்போது நீளநீளமாகக் கீறிவிடும். அவிழ்க்கும்போது மெல்லிய சரசரப்பு வந்தால் நிறுத்துங்கள். சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள்.

பிலிம் துண்டுகளை இணைத்த பழைய ஒட்டுகள் பசை காய்ந்து பிரியும். பிரிந்த இடத்தில் ஒட்டும் டேப் போடாதீர்கள். எங்கே பிரிந்தது என்று பென்சிலில் குறிப்பெழுதி, இரு நுனியையும் அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் அறவே கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளிப் பிம்பத்தைக் கறுக்கச் செய்யும்.

சுருக்கத்தை அளக்கும் வழி எளிது. 100 துளைகளின் நீளத்தை எஃகு அளவுகோலில் பாருங்கள். புதிய 35 மி.மீ. பாசிட்டிவில் 475 மி.மீ. இருக்கும், 16 மி.மீ. பிலிமில் 762, சாதாரண 8 மி.மீ.யில் 381, சூப்பர் 8இல் 423. பழைய பிலிம் 1 சதவீதம் குறைந்திருந்தாலே புரொஜெக்டரின் பல் துளையைக் கிழிக்கத் தொடங்கும். 16 மி.மீ.யில் அது வெறும் 7.6 மி.மீ. குறைவுதான். கண்ணுக்கு நேராகத் தெரிகிற பிலிமே பல்சக்கரத்தில் கிழிவதற்குக் காரணம் இதுதான். நேரக் கணக்கும் உதவும்: 16 மி.மீ.யில் 400 அடி, 35 மி.மீ.யில் 1000 அடி, இரண்டும் நொடிக்கு 24 சட்டத்தில் (பிரேம்) சுமார் 11 நிமிடம். 50 அடி சூப்பர் 8 சுருள் நொடிக்கு 18 சட்டத்தில் 3 நிமிடம் 20 நொடி.

நிறப்படம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். 1950 முதல் வந்த ஈஸ்ட்மன்கலர் வகையில் சியான் (நீலப்பச்சை) சாயம் இருட்டிலேயே மங்கும். ஸ்கேன் செய்த பின் கணினியில் ஓரளவு திருத்தலாம். 1935இல் வந்த கோடாக்குரோம் இருட்டில் மிக நன்றாக நிற்கும் என்பதால், பேழையில் அது கிடைத்தால் நிறம் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

எந்த ஆய்வகமும் பழைய பிலிமை ஸ்கேன் செய்வதாகச் சொல்லும். நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்கள் ஸ்கேனர் பல்சக்கரம் இல்லாமல் உருளையால் பிலிமை நகர்த்துகிறதா? எத்தனை சதவீதச் சுருக்கம் வரை ஏற்கும்? கீறல்களை மறைக்கும் திரவக் கதவு வசதி உண்டா? துளைகளும் ஓர எழுத்தும் தெரியும்படி சட்டத்துக்கு வெளியேயும் சேர்த்துப் பதிவு செய்வீர்களா? முதல் கேள்விக்கு இல்லையென்றால் அத்தோடு விடைபெறுங்கள். 35 மி.மீ.க்கு 4கே, 16 மி.மீ.க்குக் குறைந்தது 2கே கேளுங்கள். சட்டம் சட்டமாக டிபிஎக்ஸ் கோப்புகளை வாங்கிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கான சிறிய காணொளிக் கோப்பு தனியாக இருக்கட்டும். மேடையில் ஓட்ட வேண்டியது அதுதான்.

ஸ்கேன் முடிந்ததும் மூலச் சுருளை அந்தத் துருப்பிடித்த டப்பாவுக்கே திருப்பாதீர்கள். காற்றுத் துளையுள்ள புதிய டப்பாவில், உறுதியான நடுக் கட்டையில் தளர்வாகவும் சீராகவும் சுற்றிப் படுக்கவைத்து, 2 முதல் 5 டிகிரி செல்சியஸில், 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். நைட்ரேட் மட்டும் அதற்கென அமைந்த தனிக் கிடங்குக்குப் போக வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது அபாயம். பழைய டப்பாவைப் படமெடுத்துக்கொண்டு தனியாக வையுங்கள். மேலட்டை எழுத்து யாருடையது என்று பின்னாளில் ஆராய்பவருக்கு அது வேண்டியிருக்கும்.